சிக்னலில் நின்றால் வெள்ளைப் புகை, ஆனால் கூலன்ட் குறையவில்லை: ஹெட் கேஸ்கட்தானா?

மழைத்தவளை:
வணக்கம். ஒன்பது வருடப் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, மேனுவல் கியர், 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மூன்று வாரமாக சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வருகிறது. குளிருக்கு வரும் ஆவி என்று முதலில் விட்டுவிட்டேன், ஆனால் வெயில் ஏறிய பிறகும் வருகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல நிறைய வரும், அப்புறம் ஓட்டும்போது கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது, சிக்னலில் நின்று கிளம்பினால் மறுபடி ஒரு மேகம். நேற்று பின்னால் நின்ற பைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

மெக்கானிக்கிடம் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. பின்னால் போய் நின்று ஒருமுறை ரேஸ் கொடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று சொல்லிவிட்டார். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் அது. எனக்கு மனசு ஒப்பவில்லை. கூலன்ட் டேங்கில் பேனாவால் கோடு போட்டு பத்து நாள் பார்த்தேன், கோட்டை விட்டு அசையவில்லை. இன்ஜின் ஆயிலும் டிப் ஸ்டிக்கில் அதே இடத்தில்தான் நிற்கிறது. டெம்பரேச்சர் முள் நடுவில். பிக்கப் நன்றாகவே இருக்கிறது, ஐடிலில் மட்டும் எப்போதாவது லேசான நடுக்கம். செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. ஹெட்டை இறக்கச் சொல்லிவிடவா?

நெட்டைஸ்பேனர்:
வெள்ளைப் புகை என்றால் ஹெட் கேஸ்கட்தான் நண்பரே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. என் பழைய வண்டியிலும் இதே கதைதான். தள்ளிப்போட்டேன், ஒரு நாள் நடுவழியில் கொதித்து ஹெட்டே வளைந்துவிட்டது. சீக்கிரம் பிரித்துவிடுங்கள்.

இரண்டாம்கியர்:
அவசரப்படாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எனக்கும் "வெள்ளைப் புகை, ஹெட் கேஸ்கட்" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன், ஹெட்டை இறக்கினார்கள், கேஸ்கட் மாற்றினார்கள், ஹெட்டைச் சமப்படுத்தினார்கள், ஒரு வாரம் கழித்து வண்டியை வாங்கி வீட்டுக்கு வருவதற்குள் அதே புகை. கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், எங்குமே எரிந்த தடம் இல்லை. கடைசியில் வேறொருவர் வால்வு கவர் மேல் இருந்த பிசிவி வால்வை, அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை அளவாக உறிஞ்சவிடும் வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே இருக்கும் சின்ன உருளை கடகடவென்று ஆடவேண்டும், ஆடவில்லை, திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் தன் ஆயில் ஆவியைத் தானே அளவில்லாமல் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். உள்ளங்கையில் அடங்கும் பாகம், பத்து நிமிட வேலை.

என் புகை உண்மையில் நீலம். மெல்லியதாக வரும்போது இருட்டான பின்னணியில் பார்த்தால் நீலமாகத் தெரியும், அடர்த்தியாக வந்தால் வெள்ளை மாதிரியே இருக்கும். நிறத்தை மட்டும் நம்பி இன்ஜினைப் பிரிக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது, பணம் போன பிறகு.

மழைத்தவளை:
என் பயமும் அதுதான். ஆனால் எனக்கு இன்ஜின் ஆயில் குறையவே இல்லையே.

பழையபிஸ்டன்:
தம்பி, கேள்வியைக் கவனமாக எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்த மாதிரி. நிறத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நான் கேட்பது மூன்று: புகை எப்போது வருகிறது, என்ன வாசனை, வண்டியில் எந்தத் திரவம் குறைகிறது. சைலன்சர் வழியாகப் போகும் எதுவும் வண்டியில் எங்கிருந்தோ குறைந்தாக வேண்டும்.

முதலில் வெறும் ஆவியா என்பதைத் தீர்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அது சொட்டும், ஆவியாகத் தெரியும். ஆவி காற்றில் சட்டென்று கரைந்துவிடும். சைலன்சர் கொஞ்சம் சூடானபின் பார்த்தால் குழாய் வாயிலிருந்து சிறிது தள்ளித்தான் வெள்ளை ஆரம்பிக்கும். புகை அப்படியில்லை, குழாய் விளிம்பிலேயே தொடங்கி, வண்டி போன பிறகும் தெருவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு வெள்ளைத் துணியை வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளிக் கொஞ்ச நேரம் பிடித்துக் காயவிடுங்கள். தண்ணீர் என்றால் தடம் இருக்காது, ஆயில் என்றால் பிசுக்கு நிற்கும், கறுப்பு என்றால் கரி. இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள், மூடிய ஷெட்டுக்குள் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

அடுத்து ஹெட் கேஸ்கட். அது போனால் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி எரியும், புகையில் ஒரு இனிப்பு வாசனை இருக்கும், கூலன்டில் இருக்கும் எதிலைன் கிளைகால் வாசனை அது. கூலன்ட் குறையும். வெளியே எங்கும் சொட்டாமல் குறையும். இன்ஜின் ஓடும்போது டேங்கில் ஓயாமல் குமிழி வரும், ஹோஸ்கள் சீக்கிரமே கல் மாதிரி இறுகும், ஹீட்டர் சில நேரம் குளிர்காற்று தரும். ஆயில் மூடியின் அடியில் சந்தனக் குழம்பு மாதிரி படியலாம், ஆனால் சின்னச் சின்னப் பயணமே போகும் வண்டியில் வெறும் ஈரத்தாலும் அது படியும், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நாலில் ஒன்று மட்டும் நீராவியில் கழுவியது போல வெளுத்துப் பளிச்சென்று இருக்கும். உறுதிப்படுத்த ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது, நீல நிறம். டேங்க் அல்லது ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து அந்த ஆவியைத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள், எரிந்த வாயு கூலன்டில் கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் மஞ்சளாகிவிடும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஹெட்டை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒன்று, மூடியைச் சூட்டில் திறந்துவிடாதீர்கள், உள்ளே ஒரு பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி பக்கம் போனால்தான் கொதிக்கும், மூடி திறந்த நொடியில் எல்லாம் முகத்துக்கு வரும்.

நெட்டைஸ்பேனர் சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு. நிஜமாகவே கேஸ்கட் போயிருந்தால் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. இரவெல்லாம் கூலன்ட் ஒரு சிலிண்டரில் தேங்கி, காலையில் ஸ்டார்ட்டரைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துபோன இன்ஜின்களைப் பார்த்திருக்கிறேன். திரவம் அமுங்காது, ராடுதான் வளையும்.

இன்ஜின் ஆயில் எரிகிறது என்றால் "எப்போது" என்ற கேள்வி நிறைய சொல்லும். இரவு நின்று காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறை குபீரென்று வந்து நின்றுவிட்டால், அல்லது இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கி மறுபடி மிதிக்கும்போது வந்தால், வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் உள்ளே வேக்யூம் ஏறி, இறுகிப்போன சீல் வழியாக ஆயிலை இழுக்கும், மிதித்ததும் அது எரியும். ஏற்றத்திலும் சுமையிலும் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங். கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்த்து, குறைவான சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் தெரியும், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட் பக்கம். உங்களுக்கு டர்போ இல்லை, அதை விட்டுவிடலாம்.

சரி, உங்கள் விஷயம். கூலன்ட் குறையவில்லை, ஆயில் குறையவில்லை, ஆனால் சிக்னலில் நின்றால் புகை. சிக்னலில் நிற்கும்போது காலை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பிரேக்கில். பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தீர்களா? பெடலை மிதித்தபடி நின்றால் மெதுவாகக் கீழே இறங்குகிறதா? வாசனை இனிப்பா, காரமா? இதற்குப் பதில் சொல்லுங்கள், அதுவரை ஹெட்டைத் தொடவேண்டாம்.

டீசல்பிரியன்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது டர்போ டீசல், ஏற்றத்தில் மிதித்தால் கறுப்பாகத் தள்ளுகிறது, பிக்கப்பும் கொஞ்சம் மந்தம். அப்புறம் சில நாள் நெடுஞ்சாலையில் போகும்போது திடீரென்று வெள்ளையாகவும் வருகிறது, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் எரிந்த நாற்றம், பிறகு தானாக நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே நோயா?

பழையபிஸ்டன்:
இல்லை, இரண்டு வேறு. கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை. ஏர் ஃபில்டர், அப்புறம் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு, அப்புறம் எரிந்த வாயுவில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கியிருப்பது, காற்றை அளக்கும் மாஃப் சென்சார், கடைசியில் இன்ஜெக்டர், இந்த வரிசையில் பாருங்கள். ஹோஸில் வெடிப்பு இருந்தால் மிதிக்கும்போது ஊளையிடும் சத்தம் கேட்கும், கிளிப் அருகே ஆயில் படிந்திருக்கும். வண்டியில் டிபிஎஃப், அதாவது சைலன்சர் வழியில் டீசல் கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர், இருந்தும் கறுப்பு தெரிகிறதென்றால் அந்த ஃபில்டர் உடைந்திருக்கிறது அல்லது யாரோ உள்ளே குடைந்து எடுத்துவிட்டார்கள், பழைய வண்டியாக வாங்கியதா என்று யோசித்துப் பாருங்கள்.

நெடுஞ்சாலை வெள்ளை, டிபிஎஃப் தன்னைச் சுத்தம் செய்வது போல இருக்கிறது. தேங்கிய கரியை எரிக்க உள்ளே சூட்டை 600 டிகிரி பக்கம் ஏற்றும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள், முடியும்வரை ஓட்டுங்கள். ஆனால் அடிக்கடி வந்தால் காரணம் தேடவேண்டும். மேற்கொண்டு தனிக் கேள்வியாகப் போடுங்கள், இங்கே தவளையின் வண்டி புகைந்துகொண்டிருக்கிறது.

மழைத்தவளை:
அண்ணா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு நேரே போய் பானெட்டைத் திறந்தேன். பிரேக் ஆயில் டப்பாவில் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருக்கிறது. இப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது, இதைக் கேள்வியிலேயே எழுதியிருக்க வேண்டும், வெட்கமாக இருக்கிறது: இரண்டு மாதத்தில் இரண்டு முறை டேஷ்போர்டில் பிரேக் விளக்கு மின்னியது, இரண்டு முறையும் நானே ஆயில் ஊற்றி மூடிவிட்டேன். பேட் தேய்ந்தால் அளவு இறங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். சக்கரங்களின் உள்பக்கம் பார்த்தேன், நாலும் காய்ந்து கிடக்கிறது. பெடல், ஆமாம், மிதித்தபடி ஒரு நிமிடம் வைத்திருந்தால் ஒரு விரல் அளவு இறங்குகிறது. வாசனை இனிப்பு இல்லை, மூக்கில் ஏறுகிற காரம், கண் எரிகிறது. ஆனால் பிரேக் ஆயில் எப்படி சைலன்சருக்குப் போகும்? இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையே?

பழையபிஸ்டன்:
வண்டியை எடுக்காதீர்கள். இதை முதலில் படித்துவிடுங்கள், காரணம் பிறகு.

இப்போது காரணம். பிரேக் பெடலுக்கு நேரே இன்ஜின் பக்கம் ஒரு பெரிய வட்டமான கறுப்பு டப்பா இருக்கிறதே, அது வேக்யூம் பூஸ்டர். அதன் முகத்தில் மாஸ்டர் சிலிண்டர் பொருத்தப்பட்டிருக்கும், அதன் மேல்தான் ஆயில் டப்பா. பூஸ்டரிலிருந்து ஒரு தடித்த ஹோஸ், இன்ஜினுக்குள் காற்று போகும் பாதையான இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும், பெட்ரோல் இன்ஜின் உறிஞ்சும் வேக்யூமைத்தான் பூஸ்டர் பயன்படுத்துகிறது. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் தேய்ந்தால் பிரேக் ஆயில் வெளியே சொட்டாது, பின்னால் பூஸ்டருக்குள் கசியும். யார் கண்ணுக்கும் தெரியாது. அங்கிருந்து அந்த ஹோஸ் வழியாக இன்ஜின் அதை உறிஞ்சி எரிக்கும். ஐடிலில் வேக்யூம் அதிகம், காலும் பிரேக்கில், ஆகவே சிக்னலில் நிற்கும்போது உள்ளே போய், கிளம்பும்போது மேகமாக வருகிறது. காலையில் அதிகமாக வருவது இரவில் கசிந்து தேங்கியது. ஐடில் நடுக்கமும் இதனால்தான் இருக்கும்.

மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பூஸ்டரின் முகத்தில் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே பெயின்ட் உப்பி உரிந்திருக்கிறதா, பிரேக் ஆயில் பெயின்டைத் தின்னும். இன்ஜினை அணைத்துவிட்டு வேக்யூம் ஹோஸைப் பூஸ்டரிலிருந்து உருவி உள்ளே ஒரு துணியை நுழைத்துப் பாருங்கள், அந்தக் குழாய் காய்ந்திருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் கேஸ் முடிந்தது. இன்னும் சந்தேகம் இருந்தால் ஹோஸை நன்றாக அடைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுங்கள், சைலன்சரில் மிச்சம் இருப்பது தீர்ந்ததும் புகை நிற்கும். ஹோஸ் இல்லாமல் பிரேக் கல்லாக இறுகும், அதனால் ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது.

நெட்டைஸ்பேனர்:
முப்பது வருடமாக ஓட்டுகிறேன், இப்படி ஒன்று இருப்பது இன்றுதான் தெரியும். ஹெட்டைப் பிரிக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

இரண்டாம்கியர்:
வாபஸ் எல்லாம் இருக்கட்டும், என் ஹெட்டை யார் திருப்பி மூடுவது?

பழையபிஸ்டன்:
இதே மாதிரி பழைய ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. கியர்பாக்ஸில் வேக்யூம் மாடுலேட்டர் என்று ஒரு பாகம், அதன் டயாஃபிரம் கிழிந்தால் கியர் ஆயில் வேக்யூம் குழாய் வழியாக இன்ஜினுக்குள் போய் வெள்ளையாகப் புகையும். கியர்பாக்ஸில் ஆயில் குறையும், கீழே ஒரு சொட்டு இருக்காது. அதனால்தான் எந்தத் திரவம் குறைகிறது என்று எப்போதும் முதலில் கேட்கிறேன்.

மழைத்தவளை:
ஆறு நாள் கழித்து வருகிறேன். பெயின்ட் உரிந்திருந்தது, ஒரு உள்ளங்கை அகலம், இத்தனை நாளும் துரு என்று நினைத்திருந்தேன். ஹோஸுக்குள் விட்ட துணி சொதசொதவென்று வந்தது. வண்டியை இழுவை வண்டியில் ஏற்றி வேறொரு பட்டறைக்கு அனுப்பினேன். அவர் மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டைக் கழற்றி முன்னால் இழுத்ததும் பூஸ்டர் வாயிலிருந்து ஆயில் வழிந்தது. உள்ளே ஒரு சின்னக் குளமே இருந்தது. மாஸ்டர் சிலிண்டரை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டேன், ஊறிய டயாஃபிரமை நம்பி வண்டி தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார், பூஸ்டரும் புதிது. ஹோஸையும் அதிலிருக்கும் ஒருவழி வால்வையும் மாற்றி, நாலு சக்கரத்திலும் பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றிக் கொடுத்தார். மனசு கேட்காமல் கம்ப்ரஷனும் பார்க்கச் சொன்னேன்: 12.4, 12.2, 12.5, 12.3 பார். நீலத் திரவச் சோதனையில் நிறம் மாறவே இல்லை. ஹெட் கேஸ்கட் சுத்தம்.

முதல் இருபது கிலோமீட்டர் வரை லேசாகப் புகைந்தது, சைலன்சரில் ஊறிய மிச்சம் என்றார். அப்புறம் நின்றுவிட்டது. பெடல் இப்போது மேலேயே நிற்கிறது. சிக்னலில் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

ஒரே ஒரு சந்தேகம், இத்தனை நாள் பிரேக் ஆயில் எரிந்ததால் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

பழையபிஸ்டன்:
ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம், இப்போதே கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. ஒரு மாதம் கழித்து, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரைச் செருகிப் பாருங்கள், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 என்ற கோட் வந்தால் அப்போது பேசலாம். ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றிப் படம் போடுங்கள், ஹோஸ் சேரும் இடத்துக்குப் பக்கத்து சிலிண்டரின் பிளக் மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் பிரேக் ஆயில் டப்பாவிலும் அந்தப் பேனாக் கோட்டைப் போட்டுவையுங்கள்.

மழைத்தவளை:
போட்டாயிற்று அண்ணா, அன்றைக்கே. பிளக் படம் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.